007 ஜப்பானியச் சுவரொட்டி: 1964 என்று சொல்லி விற்றார்கள், உண்மையா?

முரளி_கவாசாகி:

வணக்கம். பழைய சினிமா சுவரொட்டி சேர்ப்பவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள்.

கவாசாகிக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. ஷான் கானரி ஜேம்ஸ் பாண்டாக நடித்த 007 படங்கள் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்தின் ஜப்பானியச் சுவரொட்டியைப் பார்த்தேன். விலை 38,000 யென். "1964, முதல் வெளியீடு" என்று விற்றவர் சொன்னார், ரசீதிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார். நாலு மூலையிலும் குண்டூசி ஓட்டை, குறுக்கே ஒரு மடிப்பு, மற்றபடி நிறம் நன்றாக இருக்கிறது. அளந்து பார்த்தேன், 51.5-க்கு 72.8 செ.மீ.

நேற்று அலுவலகத்தில் வயதில் மூத்த ஒருவரிடம் கைபேசியில் காட்டினேன். "என் அண்ணன் முதலில் பார்த்தபோது படத்துக்கு இந்தப் பெயர் இல்லையே" என்றார். வேறு என்ன பெயர் என்று கேட்டால் அவருக்கு ஞாபகம் வரவில்லை. அதிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. தாளில் உள்ள தலைப்பை மனைவி படித்துச் சொன்னாள்: 'ரோஷியா யோரி ஆய் ஓ கோமேத்தே'.

இது போலியா? ஹாலில் மாட்டலாம் என்று சட்டம் போடக் கொடுக்கப் போகிறேன். கொடுக்கலாமா, வேண்டாமா?

சிவகாசி_செல்வம்:

முரளி தம்பி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாள் போலி இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அது 1964-ல் அச்சானதும் இல்லை. சாட்சி தாளிலேயே இருக்கிறது. தலைப்புதான் அது.

1964-ல் இந்தப் படம் ஜப்பானில் வெளிவந்தபோது அதன் பெயர் 'கிகி இப்பாட்சு'. உங்கள் மனைவி படித்துச் சொன்ன பெயர், அதாவது 'ரஷ்யாவிலிருந்து அன்புடன்', 1972-ல் படம் மறுபடி திரைக்கு வந்தபோது வைத்தது. ஆகவே அந்தத் தலைப்பு உள்ள சினிமாத் தாள் எதுவும் 1964 ஆக முடியாது. உங்கள் அலுவலகப் பெரியவரின் ஞாபகம் சரிதான்.

அந்த முதல் தலைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். 'கிகி இப்பாட்சு' என்பது ஜப்பானில் பழகிப்போன தொடர். நாம் 'மயிரிழையில் தப்பினான்' என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். கடைசி எழுத்து 'தலைமுடி'. படத்துக்குப் பெயர் வைத்தவர்கள் அந்த எழுத்தை எடுத்துவிட்டு, அதே ஓசையுள்ள வேறொரு எழுத்தைப் போட்டார்கள். துப்பாக்கிக் குண்டுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணும்போது வரும் எழுத்து அது. காதில் விழும்போது 'மயிரிழை ஆபத்து', கண்ணில் படும்போது 'ஒரே குண்டு ஆபத்து'. அப்போது யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸின் ஜப்பான் கிளையில் விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்த மிசுனோ ஹாருவோ வைத்த பெயர் என்று சொல்வார்கள். பின்னாளில் தொலைக்காட்சியில் சினிமா அறிமுகம் செய்து வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானவர் அவர். இந்தத் தலைப்பால் உண்மையான தொடரையே தப்பாக எழுதுகிறவர்கள் இன்றும் உண்டு.

ஜப்பானிய எழுத்து தெரியாதவர்களும் இரண்டு தாள்களையும் பிரித்துவிடலாம். 1964 தலைப்பில் 007-க்கு அப்புறம் நான்கே எழுத்து, மூன்றாவது வெறும் ஒரு கிடைக்கோடு. 1972 தலைப்பில் பத்து எழுத்து, முதலாவது ஒரு சதுரப் பெட்டி மாதிரி இருக்கும். பெட்டியைப் பார்த்தால் 1972-க்கு முந்தையது இல்லை.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். 2009-ல் ஒசாகாவில் ஒரு கடையில் 'டாக்டர் நோ' தாள் ஒன்றை 1963 என்று நம்பி வாங்கினேன். அந்த மாதச் சம்பளத்தில் நல்ல பங்கு அதற்கே போனது. தலைப்பில் 'டாக்டர் நோ' என்றே கதகானாவில், அதாவது அயல்மொழிச் சொற்களுக்கான ஜப்பானிய எழுத்தில், இருந்தது. இங்கே 1963-ல் அந்தப் படத்துக்குப் பெயர் '007 வா கொரோஷி நோ பாங்கோ', அதாவது '007 கொலைக்கான எண்'. 'டாக்டர் நோ' என்ற பெயரும் 1972 மறுவெளியீட்டில் வந்ததுதான். இது எனக்குத் தெரிய வர இரண்டு வருடம் ஆனது. அந்தத் தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அடுத்தது, போலியா என்ற கேள்வி. நான் பிறந்தது சிவகாசி. அப்பா ஆப்செட் பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் ஓட்டியவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் காலண்டர் தாள் எண்ணுவதுதான் எனக்கு வேலை. அப்புறம் நானே அச்சு இயந்திர மெக்கானிக் ஆகி இங்கே வந்து பதினேழு வருடம் ஆகிறது. அதனால் சுவரொட்டி கையில் கிடைத்தால் எனக்கு முகம் பிறகுதான், முதலில் புள்ளிதான் கண்ணில் படும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள், எந்தக் கருவிக் கடையிலும் கிடைக்கும். கானரியின் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். நாலு கலர் ஆப்செட் என்றால் நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்புப் புள்ளிகள் வேறு வேறு கோணத்தில் வரிசையாக நின்று சின்னச் சின்னப் பூப்போலத் தெரியும். வரிசையே இல்லாமல் மை தூவினது போல இருந்தால் அது வீட்டு பிரிண்டர் வகை, நேற்று அடித்தது. ஆனால் பூ தெரிந்துவிட்டது என்று அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். மறுபதிப்பையும் ஆப்செட்டில் அடிக்கலாம். அடுத்து தாளின் கீழே உள்ள பொடி எழுத்துக்குப் போங்கள், நடிகர் பெயர்கள் வரும் இடம். அசலில் கருப்பு எழுத்துக்கு என்று தனி பிளேட், அதாவது அச்சுத் தகடு, உண்டு. எழுத்து முழுக் கருப்பாக, ஓரம் கத்தியால் வெட்டினது போல இருக்கும். பழைய தாளை ஸ்கேன் எடுத்து மறுபடி அடித்திருந்தால் எழுத்தையும் படமாகவே பிரித்திருப்பார்கள். அப்போது பொடி எழுத்தும் புள்ளி புள்ளியாக உடைந்து, ஓரம் மங்கி, கருப்புக்குள்ளே நீலமும் சிவப்பும் எட்டிப் பார்க்கும். இதை மறைப்பது மிகவும் கஷ்டம்.

அளவைக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. 51.5-க்கு 72.8 என்பது ஜப்பானின் பி2. உலகத்தில் மற்ற இடங்களில் பி2 என்றால் 50-க்கு 70.7. ஜப்பான் தன் பழைய மினோ காகித அளவை ஒட்டித் தனி பி வரிசை வைத்துக்கொண்டது. 50-க்கு 70 தாளில் 'ஜப்பானிய அசல்' என்று யாராவது நீட்டினால், ஓரம் வெட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் வெளிநாட்டில் அடித்திருக்க வேண்டும்.

விற்பனைக் குறிப்பில் வரும் சில சொற்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 'ஷோகோக்காய்' என்றால் முதல் வெளியீடு. 'ரிபாய்பாரு' என்றால் மறுவெளியீடு. 'ஃபுக்கோக்கு' என்றால் பிற்கால மறுபதிப்பு. 'தோஜி மோனோ' என்றும் போடுவார்கள், 'அந்தக் காலத்துப் பொருள்' என்று அர்த்தம். எந்தக் காலம் என்று அது சொல்வதில்லை, அங்கேதான் கவனம் வேண்டும். உங்களிடம் 'தோஜி மோனோ' என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன், 1972-ம் ஒரு காலம்தானே. ரசீதில் 1964 என்று எழுதித் தந்திருக்கிறார். அதை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

தேன்மொழி_கியோத்தோ:

செல்வம் அண்ணா சொன்னதற்கு மேல் வருடத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முரளி, சட்டம் போடக் கொடுப்பதற்கு முன்னால் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

கடைகளில் ரெடிமேடாக விற்கும் 50-க்கு 70 சட்டத்தில் உங்கள் தாள் அடங்காது. ஓரத்தில் ஒன்றரை செ.மீ. வெட்டிவிட்டால் போயிற்று என்று சட்டக்காரர் சொன்னாலும் விடாதீர்கள். ஜப்பானியக் கடைகளில் பி2 சட்டம் என்று கேட்டால் சரியான அளவில் கிடைக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் போட்டு வாங்குங்கள். கண்ணாடியோ அக்ரிலிக்கோ தாளை நேரடியாகத் தொடக் கூடாது, நடுவில் அமிலமில்லாத அட்டை இடைவெளி விட வேண்டும். வெயில் விழும் சுவரில் மாட்டவே மாட்டாதீர்கள். மெஜந்தாவும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், அப்புறம் முகமெல்லாம் நீலமாக நிற்கும்.

நான் இழந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடம் முன்னால் '007 வா நிதோ ஷினு' (1967-ல் ஜப்பானிலேயே படமாக்கிய 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்') தாளையும் இன்னும் நாலு தாளையும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுருட்டி அலமாரியில் வைத்திருந்தேன். ஜூன் மாத மழைக்காலம். வீட்டில் குழாய் கசிந்து தெரியாமல் ஈரம் ஏறியிருக்கிறது. நான் வைத்திருந்ததெல்லாம் பூச்சுள்ள வழவழப்புத் தாள். நனைந்தால் அந்தப் பூச்சு பசையாகிவிடும், காய்ந்ததும் ஐந்து தாளும் ஒரே பலகை. பிரிக்கப் போனால் ஒன்றின் முகம் இன்னொன்றின் முதுகில் வந்துவிடுகிறது. அந்தச் சுருளை இன்னும் தூக்கிப்போட மனம் வரவில்லை.

அதற்கு அப்புறம்தான் இங்கே ஓவியச் சுருள் மவுண்ட் செய்யும் ஒரு பட்டறையில் வார வகுப்புக்குச் சேர்ந்தேன். 'உராஉச்சி' என்பார்கள். தாளின் முதுகில் வாஷி என்கிற மெல்லிய ஜப்பானியக் காகிதத்தைக் கோதுமை மாப்பசையால் ஒட்டுவது. அந்தப் பசையைப் பின்னால் ஈரப்படுத்தி எடுத்துவிடலாம், அதுதான் அதன் பெருமை. செலோ டேப் அப்படியில்லை, மஞ்சள் கறையாகத் தாளுக்குள் இறங்கிவிடும். ஆனால் உங்கள் தாளில் இருப்பது ஒரு மடிப்பும் நாலு ஓட்டையும்தான். அதற்கு உராஉச்சியே வேண்டாம், அப்படியே விடுங்கள். குண்டூசி ஓட்டை என்பது அந்தத் தாள் ஏதோ ஒரு சுவரில் வேலை பார்த்த அடையாளம்.

இன்னொன்று. குறிப்பில் 'ஷிமி' என்று எழுதியிருந்தால் கறை. அதே ஓசையில் 'ஷிமி' என்று ஒரு பூச்சியும் உண்டு. எழுத்தில் அது 'தாள் மீன்', நம் ஊர் ராமபாணம். என் அனுபவத்தில் முதல் ஷிமி இருக்கும் ஈரத்தில் இரண்டாவது ஷிமியும் வரும். சுருட்டி வைக்காமல் பாலியெஸ்டர் உறையில் தட்டையாக, ஒரு தாளுக்கு ஒரு உறை என்று வையுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம்.

ராகவன்_நகானோ:

கேள்விக்கு நேரடிப் பதில் இல்லை, ஆனால் உளவுப் படச் சுவரொட்டி என்றாலே எல்லோரும் 007-லேயே நிற்பது எனக்கு வருத்தம், அதனால் எழுதுகிறேன்.

தோஹோ கம்பெனி 1963 முதல் 1967 வரை 'கொகுசாய் ஹிமிட்சு கெய்சாட்சு' என்று ஐந்து படம் எடுத்தது, சர்வதேச ரகசியப் போலீஸ். அதில் 1965-ல் வந்த 'காகி நோ காகி'யை அமெரிக்காவில் வுடி ஆலன் வசனத்தை முழுக்க மாற்றி வேறு படமாக்கினார். வாகாபயாஷி அகிகோ, ஹாமா மியே இருவரும் அதில் நடித்தவர்கள், இரண்டு வருடம் கழித்து இருவருமே தேன்மொழி சொன்ன 007 படத்தில் வந்தார்கள். அதனால் அந்தத் தாளை 007 சேர்ப்பவர்களும் தேடுகிறார்கள்.

என் மனதுக்கு நெருக்கமானது தாய்யேய் கம்பெனியின் 'ரிகுகுன் நகானோ கக்கோ', 1966. தரைப்படையின் உளவாளிப் பள்ளி நிஜமாகவே நகானோவில் இருந்தது, ரயில் நிலையத்துக்கு வடக்கே. நான் தினமும் நடக்கும் பக்கம். மசுமுரா யாசுசோ இயக்கம், இச்சிகாவா ராய்சோ கதாநாயகன், கருப்பு வெள்ளை. அடுத்த இரண்டு வருடத்தில் இன்னும் நாலு படம் வந்தது. ராய்சோ 1969-ல் 37 வயதில் இறந்தார், 1971-ல் தாய்யேய் திவாலானது. 007 தாள்களில் நீச்சல் உடைப் பெண்களும் வெடிக்கிற தீவுகளும். இந்தத் தொடரின் தாள்களில் என்னை நிறுத்துவது ராய்சோவின் பார்வை மட்டும்தான். பெயரையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு வந்த ஒருவனின் முகம் அது. விலையும் என் கைக்கு எட்டுவதாக இருக்கிறது. அந்தப் படம் வந்த அதே 1966-ல் திறந்த நகானோ பிராட்வே கட்டடத்தில்தான் என் முதல் தாளை வாங்கினேன்.

முரளி_கவாசாகி:

எல்லோருக்கும் நன்றி. செல்வம் அண்ணா, லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். கன்னத்தில் பூ இருக்கிறது! கீழே பொடி எழுத்து ஒவ்வொன்றும் முழுக் கருப்பு, ஓரம் கூர்மை. மெஜந்தா மட்டும் கால் மில்லிமீட்டர் அளவுக்கு இடதுபக்கம் தள்ளியிருக்கிறது. உதட்டுக்கு வெளியே ஒரு சிவப்பு விளிம்பு தெரிகிறது. இது குறையா?

நேற்றுச் சந்தைக்குப் போய் விற்றவரிடம் ரசீதைக் காட்டினேன். தலைப்பு மாறிய கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவரும் வேறொருவரிடம் 1964 என்று நம்பி வாங்கியதாம். தாளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் கொடுக்கவில்லை. 20,000 யென் திருப்பித் தந்தார், ரசீதில் 1964-ஐ அடித்து 1972 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும் அண்ணா. 1972 தாள் என்றால் சேர்ப்பவர்கள் மதிப்பதில்லையா? அலுவலகத்தில் சொன்னபோது ஒருவர் "ஓ, ரிபாய்பாருவா" என்று இழுத்தார்.

சிவகாசி_செல்வம்:

மெஜந்தா தள்ளியது குறை இல்லை தம்பி. ஓடுகிற மெஷினில் ரெஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்காருவது, கொஞ்சம் விலகிய தாள் அது. என் அப்பா பார்த்திருந்தால் அந்தத் தாளைக் கழித்துப் போட்டிருப்பார். எனக்கு அது பிடிக்கும். அந்த நாளில் அந்த மெஷின் முன்னால் ஒருவர் நின்றிருக்கிறார் என்று தெரிகிறது.

18,000 யென்னுக்கு நல்ல தாள். விலையில் 1964-க்கும் 1972-க்கும் பெரிய இடைவெளி உண்டு, மறைக்கவில்லை. மதிப்பு என்று கேட்டால் என் பதில் வேறு. 1964 ஏப்ரலில்தான் ஜப்பானியர்கள் சுற்றுலாவாக வெளிநாடு போக அனுமதி வந்தது. ஆண்டுக்கு ஒரு தடவை, கையில் 500 டாலர் வரை. அக்டோபரில் தோக்கியோ ஒலிம்பிக். அந்த வருடத்தில் இஸ்தான்புல்லையும் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயிலையும் காட்டுகிற படத்துக்கு வந்தவர்களுக்கு அந்த ஊர்களே ஒரு கனவு. என்னிடம் இருக்கிற 'கிகி இப்பாட்சு' தாளை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரிசையில் நின்றவர்கள் ஞாபகம் வரும். 1972-ல் நின்றவர்கள் வேறு. கானரியின் 007-ஐப் பிறகு வந்த ரசிகர்களும் பார்க்கட்டும் என்று திரும்ப எடுத்து வந்த தாள் உங்களுடையது. பெயரை மாற்றி, புதிதாக வடிவமைத்து, புதிதாக பிளேட் போட்டு அடித்தது. அது எதன் நகலும் இல்லை. இழுத்துப் பேசியவரிடம் அந்த லென்ஸைக் கொடுங்கள்.

தேடலைத் தொடர்வதாக இருந்தால் தோக்கியோவில் ஜிம்போச்சோவுக்குப் போங்கள். யாகுச்சி ஷோத்தென் என்று சினிமா, நாடகப் புத்தகங்களுக்கென்றே ஒரு பழைய கடை, பக்கவாட்டுச் சுவர் முழுக்க வெளியிலேயே புத்தக அடுக்கு இருக்கும். அந்தத் தெருக்களில் சினிமாத் தாள் விற்கும் கடைகள் இன்னும் சில உண்டு. பி2-வே வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். 'சிராஷி' என்கிற பி5 துண்டுத் தாள்கள் வைக்க இடம் அடைக்காது, விலையும் குறைவு. 'தாத்தேகான்' கிடைத்தால் மட்டும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இரண்டு பி2 தாளை மேலும் கீழுமாகச் சேர்த்து ஆள் உயரத்துக்கு நிற்கும் நீளச் சுவரொட்டி. பல சமயம் பாதிதான் மிஞ்சியிருக்கும். என்னிடம் 'தண்டர்பால்' என்ற 007 படத்தின் தாத்தேகானில் கீழ்ப் பாதி இருக்கிறது. அந்தப் படம் 1965 டிசம்பர் 9-ல் உலகத்திலேயே முதலில் திரையிடப்பட்டது தோக்கியோ ஹிபியாவில்தான். மேல் பாதியைப் பதினொரு வருடமாகத் தேடுகிறேன். யார் கண்ணிலாவது பட்டால் எந்த நேரமானாலும் எனக்குச் செய்தி அனுப்புங்கள்.

மே மாதம் வேலையாகத் தோக்கியோ வருகிறேன் முரளி. 'கிகி இப்பாட்சு' தாளைக் குழாயில் போட்டு எடுத்து வருகிறேன். உங்களுடையதையும் பக்கத்தில் விரித்து, இரண்டிலும் லென்ஸ் வைத்துப் பார்ப்போம்.

தேன்மொழி_கியோத்தோ:

அண்ணா, குழாயில் என்றால் உள்ளே அமிலமில்லாத காகிதம் சுற்றி வையுங்கள். விட்டம் பத்து செ.மீ.க்குக் குறையாத குழாயாக எடுங்கள். நானும் வரலாமா?